கரைப் பக்கத்துக் கொக்கி

ஈரமான பாட்டிலில் லேபிள் நிற்காது. முதலில் துணியால் துடைக்க வேண்டும். ஒரு நிமிடம் காற்றில் வைக்க வேண்டும். பிறகுதான் ஒட்ட வேண்டும். புதிதாக வரும் மாணவர்கள் அவசரத்தில் ஈரத்தின் மேலேயே ஒட்டுவார்கள். ஐஸ் பெட்டிக்குள் போனதும் அது கழன்றுவிடும். லேபிள் இல்லாத பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணீர். எந்த ஆழத்தில் எடுத்தது, எந்த நேரத்தில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே கொட்டிவிடுவோம்.

ஏழு வருடமாக இதைத்தான் சொல்லிக் கொடுத்து வருகிறேன். என் பெயர் கஜபதி. வயது முப்பத்து மூன்று. விலங்கியலில் எம்.எஸ்ஸி. பல்கலைக்கழகத்தின் ஏரி ஆய்வு நிலையத்தில் தொழில்நுட்ப உதவியாளர். நிலையம் திருத்தணியில், பள்ளிப்பட்டு ரோட்டில் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோயில் தெரியும்.

ஹேமநாதன் எப்படி இறந்தான் என்று உள்ளபடி எழுதச் சொல்லி இந்தத் தாள்களைக் கொடுத்தீர்கள். எழுதுகிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தீர்கள். எங்கள் டோக்கன் பலகை உங்களுக்குப் புரியாவிட்டால் மற்ற எதுவும் புரியாது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

நாங்கள் ஆய்வு செய்யும் பொன்னாங்குப்பம் ஏரி நிலையத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர். இடுப்பளவு ஏரிதான். ஆனால் நடுவில் கைவிட்ட கல் குவாரி ஒன்று இருக்கிறது. ஏரித் தண்ணீர் அதற்குள் நிறைந்து நாற்பத்தைந்து அடி ஆழத்துக்கு நிற்கிறது. மேலே வெயிலில் கொதிக்கும்போது அடியில் குளிர்ந்து, மீன்கூட உயிரோடு இருக்க முடியாத தண்ணீராகக் கிடக்கும். மாணவர்கள் வருவது அதற்காகத்தான். பள்ளத்துக்கு மேல் ஒரு நீல நிற டிரம்மைக் கயிற்றில் கட்டி மிதக்க விட்டிருக்கிறோம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை படகில் அதுவரை போய் ஒவ்வொரு ஆழத்திலும் தண்ணீர் எடுப்பார்கள். தேதி தவறக் கூடாது. ஒரு தேதி தவறினால் வரிசை அறுந்துவிடும். பிறகு அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஏரிக்கரையில் எங்களுக்கு ஒரு தகர ஷெட். கதவுக்கு வெளியே அந்தப் பலகை. இரண்டு வரிசைக் கொக்கிகள். மேல் வரிசைக்கு 'நீர்' என்றும் கீழ் வரிசைக்குக் 'கரை' என்றும் பெயின்ட்டால் எழுதியது நான்தான். ஒவ்வொருவருக்கும் எண் அடித்த அலுமினிய டோக்கன் உண்டு. படகில் ஏறும் முன் டோக்கனை மேலே மாட்ட வேண்டும். திரும்பி வந்ததும் கீழே மாட்ட வேண்டும். ஒருவர் கரைக்காவல் இருப்பார். எல்லா டோக்கனும் கீழே வந்த பிறகுதான் அவர் ஷெட்டைப் பூட்டலாம். சொன்ன நேரத்துக்கு மேல் இருபது நிமிடம் ஆகியும் ஒரு டோக்கன் மேலே இருந்தால், படகுக்கார முனியனைக் கூப்பிட வேண்டும், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ய வேண்டும்.

இது நிலையத்தின் தலைவர் பேராசிரியர் அனுசுயா மேடம் போட்ட விதி. தட்டச்சு செய்து பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். கடைசி வரி இப்படி: அவரவர் டோக்கனை அவரவரே மாற்ற வேண்டும்.

அந்த ஒரு வரியை யாரும் பின்பற்றியதில்லை. படகிலிருந்து இறங்குகிறவனின் கையில் ஐஸ் பெட்டி இருக்கும், கால் சேற்றில் இருக்கும். "என்னோடதையும் மாத்திடு மச்சான்" என்று கத்துவான். பக்கத்தில் இருப்பவன் மாற்றிவிடுவான். ஐந்து வருடம் அப்படியே நடந்தது. பிறகு தேவி இறந்தாள்.

தேவிப்பிரியா என் மனைவி. பள்ளிப்பட்டில் தறி போட்ட வீட்டுப் பெண். நிலையத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து, இரண்டாம் வருடம் என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்கள் வீட்டில் பாதி தெலுங்கு. என்னை அத்தான் என்பதற்குப் பதில் 'பாவா' என்பாள். முதலில் முனியனைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னாள். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அவள் டோக்கன் எண் நான்கு.

ஏரி எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு தட்டு உண்டு. சாப்பாட்டுத் தட்டு அளவு, வெள்ளையும் கறுப்பும் பூசியது. கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கினால் ஓர் ஆழத்தில் கண்ணுக்கு மறையும். மேலே இழுத்தால் வேறோர் ஆழத்தில் தெரியும். இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் கூட்டிப் பாதியை எழுதுவோம். தேவி படகு விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பாள். "போயிடுச்சு பாவா, எழுது" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "வந்துடுச்சு, எழுது" என்பாள். அவள் சொல்லி நான் எழுதிய எண்கள் நான்கு நோட்டுகளில் இருக்கின்றன. நிலையத்தின் பீரோவில், இரண்டாவது தட்டில்.

போன வருடம் ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணிக்குத் தேவியும் முனியனும் படகில் போனார்கள். கரைக்காவல் ஹேமநாதன். அப்போது அவன் முதல் வருட ஆராய்ச்சி மாணவன். அரக்கோணத்துக்காரன், அப்பா ரயில்வேயில். தினமும் மின்சார ரயிலில் வந்து போவான். டோக்கன் எண் ஒன்பது. நான் ஷெட்டுக்குள் உட்கார்ந்து லேபிள் எழுதிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் படகு திரும்பியது. பாட்டில்களை இறக்கினார்கள். முனியன் தன் டோக்கனைக் கீழே மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். அப்போதுதான் தட்டை டிரம்மிலேயே கட்டிவிட்டு வந்தது தேவிக்கு நினைவு வந்தது. "பத்து நிமிஷம் ஹேமா, பரிசல்ல போயி எடுத்துனு வந்துடறேன்" என்று ஹேமநாதனிடம் சொன்னாள். லைஃப் ஜாக்கெட்டை ஏற்கெனவே கழற்றி ஷெட்டுக்குள் பெஞ்சில் போட்டிருந்தாள். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஷெட் தகரம். வெளியே பேசுவதெல்லாம் உள்ளே கேட்கும்.

ஹேமநாதன் ஐஸ் பெட்டிகளைக் கரைமேல் நின்ற ஜீப்பில் ஏற்றப் போனான். திரும்பி வந்தபோது நான்காம் எண் இன்னும் மேலே தொங்கியது. அதை எடுத்துக் கீழே மாட்டினான். ஷெட்டைப் பூட்டினான். ஐஸ் உருகும் முன் சோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும். நானும் அவனும் ஜீப்பில் கிளம்பினோம். தேவி எப்போதும் தன் ஸ்கூட்டியில்தான் வருவாள். அது புளியமரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை.

கணவன் ஏன் மனைவிக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை என்று கேட்டீர்கள். மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அவளுக்குக் கொச்சியில் இரண்டு வருட ஆராய்ச்சி இடம் கிடைத்திருந்தது. போகட்டுமா என்று கேட்டாள். போ என்றேன். "போன்னா இன்னா அர்த்தம் பாவா? போயிட்டு வான்றியா, தொலைன்றியா?" என்றாள். நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். இதற்கும் அவள் சாவுக்கும் சம்பந்தம் இல்லை. கேட்டதால் எழுதுகிறேன்.

மாலை நான்கு மணிக்கு எருமை மேய்க்கிற ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பரிசல் கவிழ்ந்து கிடந்தது. அவள் டிரம்மின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்திருக்கிறாள். ஒன்றரை மணி நேரமாவது இருக்கும் என்றார்கள். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்திருந்தது. கத்தியிருக்கிறாள். அவருக்கும் கேட்டிருக்கிறது. "காலேஜு புள்ளைங்க எப்பவும் கத்திகினுதானே கீதுங்க சார். வெளையாடுதுங்கன்னு நெனச்சிகினேன்" என்று அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் பலகை கிடையாது.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஹேமநாதன் எழுதிக் கொடுத்தான். 'அவர் கரைக்கு வந்துவிட்டார் என்று நினைத்து நானே டோக்கனை மாற்றினேன். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை.' அந்தத் தாளின் நகல் நிலையத்தில் இருக்கிறது. நான் பலமுறை எடுத்துப் படித்திருக்கிறேன். ஆறு மாதம் படகில் ஏறக் கூடாது என்று தண்டனை கொடுத்தார்கள். என் மனைவியைக் கொன்றதற்கு அவன் ஆறு மாதம் கரையில் உட்கார்ந்தான்.

காரியம் முடிந்த மறுநாள் நான் வேலைக்கு வந்தேன். எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். யாரும் என் எதிரில் சிரிக்கவில்லை. ஹேமநாதன் மட்டும் என் பக்கத்திலேயே இருந்தான். அது எனக்கு விளங்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் என் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போயிருப்பான். இவன் இரண்டாவது வாரம் ஒரு டப்பாவோடு வந்தான்.

"அண்ணா, அம்மா குடுத்து உட்டுச்சு. உருளைக்கிழங்குல காரம் கம்மியாத்தான் போட்டுகீது."

"எதுக்கு?"

"உங்களுக்கு வயித்துல புண்ணுன்னு அக்கா சொல்லிகினு இருப்பாங்க."

வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டேன். அதிலிருந்து தண்ணீர் எடுக்கிற ஒவ்வொரு நாளும் டப்பா வந்தது. டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன். ஒருவரைக் கொன்றவன் அவர் வீட்டுக்காரனுக்குச் சோறு போடுகிறான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன். சோறு நன்றாகத்தான் இருக்கும்.

தண்டனை முடிந்ததும் அவன் மறுபடி தண்ணீரில் இறங்கினான். அவனுக்கு நீச்சல் தெரியாது. கற்றுக்கொள்ள அரக்கோணத்தில் எங்கோ போனான். இடுப்பளவு தண்ணீரிலேயே படிக்கட்டைப் பிடித்த கையை விடமாட்டேன் என்கிறான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஆனாலும் படகில் போனான். ஒரு தேதிகூட விடவில்லை. தேவியின் வரிசையை முடித்து, அவள் பெயரில் கட்டுரை வெளியிட வேண்டுமாம். "அக்கா பேரு மொதல்ல வரணும்ணா. எம்பேரு கடைசில இருந்தா போதும்" என்றான். நான் தலையாட்டினேன். அவள் பெயரை வைத்து அவன் நல்லவனாகிக்கொண்டிருந்தான். அவள் நோட்டில், அவள் கடைசியாகச் சொன்ன எண்ணுக்கு அடுத்த வரியில், அவன் கையெழுத்து தொடங்குகிறது. அவன் கரையில் இருந்த ஆறு மாதமும் மற்றவர்கள் எடுத்து வந்ததை அவன்தான் எழுதினான்.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு வந்திருந்தது. டோக்கனை மாட்டும்போது எண் பலகைப் பக்கமாகவும் வெறும் பின்பக்கம் வெளியே தெரியும்படியும் மாட்டுவான். முனியன் ஒரு நாள் கிண்டல் செய்தான்.

"இன்னா சாரு, உன் நம்பரு கோச்சிகினு அந்தாண்ட திரும்பிகிச்சா?"

"நம்பர் தெரிஞ்சாதானே முனியண்ணே வேற யாராவது எடுத்து மாத்துவாங்க. தெரியலன்னா தொடமாட்டாங்க."

"அப்ப நானும் என் பொண்டாட்டிக்கு மூஞ்சிய காட்டாம போயி படுத்துக்கறேன், வேல வைக்க மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். தேவி போன பிறகு ஷெட்டில் எல்லோரும் சிரித்தது அன்றுதான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பின்பக்கம் என் கண்ணை உறுத்தியது. எதுவாக இருந்தாலும் எழுத்து தெரிய வேண்டும்.

எப்போது முடிவு செய்தாய் என்று மூன்று முறை கேட்டீர்கள். முடிவு செய்ததாக எனக்கு நினைவு இல்லை. இந்த ஏப்ரலில் லைஃப் ஜாக்கெட்டுகளைச் சோதித்தேன். வருடம் ஒரு முறை அதைச் செய்வது என் வேலை. மணல் மூட்டையைக் கட்டித் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். ஏழில் ஒன்று அரை மணி நேரத்தில் தண்ணீர் குடித்து உள்ளே போனது. அதன்மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கி வைத்தேன். எரித்துவிட வேண்டும். எரிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. அதை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது தெரியாது. எரிக்கப் போவதில்லை என்று மட்டும் தெரியும்.

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே பந்தோபஸ்தில் இருந்திருப்பீர்கள். இந்த வருடம் தண்ணீர் எடுக்கிற தேதி அதே நாளில் வந்தது. முனியன் காவடி எடுக்கிறான் என்று மூன்று நாள் லீவு. இன்னொரு மாணவி பானுப்ரியா வர வேண்டும். "அண்ணா, பஸ்ஸு ஊருக்கு வெளியவே நின்னுகினு கீது, ஒரே அரோகரா, நான் நடந்து வந்தாலும் சாயந்திரம் ஆயிடும்" என்று போன் செய்தாள். வர வேண்டாம் என்றேன். பதினொரு மணிக்கு அனுசுயா மேடம் என்னைக் கூப்பிட்டார். முனியன் இல்லாமல் யாரும் தண்ணீருக்குப் போகக் கூடாது, ஹேமநாதனிடம் சொல்லிவிடு, தேதி போனால் போகட்டும் என்றார். சரி மேடம் என்றேன்.

ஹேமநாதனிடம் அதைச் சொல்லவில்லை.

அவன் கூட்டத்தில் நசுங்கி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்து, என் பைக்கில் ஏறிக்கொண்டான். ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி. நாகலாபுரம் பக்கத்து மலைகளுக்கு மேல் மேகம் கட்டியிருந்தது. அவன் அதையே பார்த்தான்.

"போலாமாண்ணா? மானம் ஒரு மாதிரி கீதே."

"தேதி இன்னிக்கு. தவறினா தேவியோட வரிசை அறுந்துடும். உன் இஷ்டம்."

நான் சொன்னது அவ்வளவுதான். வற்புறுத்தவில்லை. அவன் பாட்டில்களை எண்ணிப் படகில் வைத்தான். பிறகு, "ஆங், போயிட்டு வந்துடறேண்ணா. ஒரு மணி நேரம்" என்றான். டப்பாவை என் கையில் கொடுத்தான். "புளிசாதம். ஆறிடும், சாப்ட்டுடுங்க."

ஷெட்டுக்குள் அவன் ஜாக்கெட் தொங்கும் கொக்கியில், ஒதுக்கி வைத்திருந்த அந்த ஜாக்கெட்டை மாட்டி வைத்திருந்தேன். பெருக்கல் குறியை ஈரத் துணியால் துடைத்திருந்தேன். சாக்பீஸ் சுத்தமாகப் போய்விடும். "புதுசாண்ணா?" என்று கேட்டான். துவைத்தது என்றேன். மூன்று பட்டைகளையும் கட்டினான். ஒவ்வொன்றையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். தேவி இறந்த பிறகு அவன் அப்படித்தான் செய்வான். ஒன்பதாம் எண்ணை 'நீர்' கொக்கியில் பின்பக்கம் தெரியும்படி மாட்டிவிட்டுப் படகைத் தள்ளினான்.

மூன்று மணிக்குக் காற்று வந்தது. படகு டிரம்மில் கட்டியிருந்தது. அவன் அவிழ்க்கப் பார்த்தான். எழுந்து நின்றிருக்கக் கூடாது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் ஏறியது. அவன் டிரம்மின் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். தேவி பிடித்த அதே கயிறுதான். போன வருடம் அதை மாற்றச் சொன்னார்கள், கயிறு நன்றாக இருந்ததால் நான் மாற்றவில்லை.

கூப்பிட்டது உனக்குக் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. "அண்ணா" என்று கூப்பிட்டான். எண்ணுவது என் தொழில். பதினான்கு முறை வரை எண்ணினேன். அதில் ஒரு முறை "அம்மா". பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின்மேல் மழை பெய்தால் வேறு எதுவும் கேட்காது.

பரிசல் கரையில்தான் கிடந்தது. எனக்கு நீந்தத் தெரியும். போன் சட்டைப் பையில் இருந்தது, சார்ஜ் இருந்தது.

ஷெட்டைவிட்டு வெளியே வந்து பலகையின் முன் நின்றேன். கையைத் துடைத்துக்கொண்டு ஒன்பதாம் எண்ணை 'நீர்' கொக்கியிலிருந்து எடுத்தேன். 'கரை' கொக்கியில் மாட்டினேன். எண் வெளியே தெரியும்படி, நேராக. பிறகு உள்ளே வந்து புளிசாதம் சாப்பிட்டேன். வேர்க்கடலை நிறையப் போட்டிருந்தார்கள். காரம் இல்லை. மழை விட்ட பிறகு ஏரியைப் பார்த்தேன். டிரம் மட்டும் இருந்தது. டப்பாவைக் கழுவினேன். ஷெட்டைப் பூட்டினேன்.

ஐந்து மணிக்கு மேடம் போன் செய்தார். யாரும் தண்ணீருக்குப் போகவில்லையே என்று கேட்டார். "எல்லா டோக்கனும் கரையிலதான் இருக்கு மேடம்" என்றேன். அது பொய் இல்லை. ஏழு மணிக்கு அவன் அம்மா போன் செய்தார். கிருத்திகைக் கூட்டம் அம்மா, ரயில் கிடைத்திருக்காது, வந்துவிடுவான் என்றேன். அது பொய். "நீ சாப்ட்டியா நைனா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

மறுநாள் காலையில் முனியன், லீவாக இருந்தும், மழையில் படகு என்ன ஆனது என்று பார்க்க மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஏரிக்குப் போயிருக்கிறான். படகைக் கண்டது அவன்தான். உடலை எடுத்ததும் அவன்தான். உங்கள் ஆட்கள் வந்தபோது ஹேமநாதன் கரைக்கு வந்து டோக்கனை மாட்டிவிட்டு, பிறகு தானாக மறுபடி தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். முனியன் மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "இது சாரு மாட்னது இல்ல. அவுரு நம்பர காட்ட மாட்டாரு" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "இவ்ளோ நேரா இங்க மாட்றது ஒருத்தர்தான்" என்றான்.

அவன் சொன்னது சரி. மற்றவர்கள் மாட்டினால் கோணலாகத்தான் தொங்கும்.

இங்கேயே முடித்திருப்பேன். நேற்று மாலை அனுசுயா மேடம் என்னைப் பார்க்க வந்தார். நீங்கள் பத்து நிமிடம் அனுமதி கொடுத்தீர்கள். அவர் உட்காரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"கஜபதி, தேவி போனப்போ, குழுவுக்கு எழுதிக் குடுக்கறதுக்கு முந்தின நாள் ஹேமநாதன் எங்கிட்ட வந்தான். அவனா மாத்தலையாம். உங்கிட்ட கேட்டானாம். நீதான் அவ வந்துட்டாள்னு சொன்னியாம். அப்புறம்தான் மாத்தினானாம்."

நான் கம்பிகளை எண்ணினேன்.

"அதை எழுதுடான்னு சொன்னேன். மாட்டேன்னான். அண்ணாவுக்கு அது ஞாபகம் இருக்கற மாதிரி தெரியல மேடம், ஞாபகம் வந்தா அவர் உயிரோட இருக்க மாட்டாரு, நீங்களும் ஞாபகப்படுத்தாதீங்க, நான்தான்னே இருக்கட்டும்னான். நானும் வாயை மூடிகிட்டேன். அதுக்கு நான் என்ன பண்றதுன்னு தெரியல." கிளம்பத் திரும்பியவர் நின்றார். "உனக்கு ஞாபகம் இல்லையா கஜபதி?"

அவர் போய்விட்டார். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன், உள்ளபடி எழுதச் சொன்னீர்கள் என்பதால்.

ஞாபகம் இருக்கிறது. ஒரு நாளும் மறந்ததில்லை. தேவி பரிசலில் போகிறேன் என்று சொன்னதும் எனக்குக் கேட்டது. அவள் ஜாக்கெட் என் பக்கத்தில் பெஞ்சில் கிடந்தது. நான் எழுதிக்கொண்டிருந்தது ஆறு மீட்டர் பாட்டிலின் லேபிள். கதவுக்கு வெளியே நின்று ஹேமநாதன் கேட்டான், "அண்ணா, அக்கா திரும்ப வந்துட்டாங்களா, டோக்கன் மேலயே கீது?" அவள் பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் அந்த மூன்று நாளும் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தால் ஏரி முழுவதும் தெரிந்திருக்கும். "ஆங், வந்துட்டா, மாத்திடு" என்றேன். லேபிளை எழுதி முடித்தேன்.

இதை வைத்து நீங்கள் வேறு முடிவுக்கு வரக் கூடாது. ஷெட்டுக்குப் போய் விதியைப் படித்துப் பாருங்கள். நான் ஒட்டியது, கழன்றிருக்காது. சொல்கிறவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மாற்றுகிறவரைப் பற்றித்தான் இருக்கிறது. ஒன்பதாம் எண்ணை மாற்றியது என் கை, அதை ஒப்புக்கொள்கிறேன். நான்காம் எண்ணை என் கை தொடவே இல்லை.